ஆராதனையில் ஸ்கேல் மாறும்போது பாட்டு அறுந்துபோகிறது

எங்கள் சபையில் வாராவாரம் பாடல்களைத் தேர்ந்தெடுப்பது நான்தான். பிரசங்கத் தலைப்பு சனிக்கிழமை இரவுதான் கைக்கு வரும். சரி, அதைச் சமாளித்துவிடலாம். தலைவலி ஸ்கேல்தான், அதாவது பாட்டின் சுருதி. துதிப் பாடல் டி மேஜர், அடுத்தது எஃப் மேஜர். நடுவில் கீபோர்டு தடுமாறி நிற்க, கண்மூடிப் பாடிக்கொண்டிருந்தவர்கள் கண்ணைத் திறந்து மேடையைப் பார்க்கிறார்கள்.

ஒரு கீபோர்டு, ஒரு கிதார், டிரம்ஸ் கிடையாது. கீபோர்டில் ஸ்கேலை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தினால் சட்டென்று குதிப்பது பளிச்சென்று தெரிகிறது. இரண்டாவது பாட்டையும் டி-க்கே இறக்கினோம். பல்லவியின் தாழ்ந்த வரி யாருக்கும் எட்டவில்லை. எஃப்-க்கு முன்னால் சி செவன்த் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வாசித்தோம். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கே நுழைவதென்று தெரியாமல் பாடகர்கள் முழிக்கிறார்கள்.

டி-யிலிருந்து எஃப்-க்குப் போக, சபையார் பாட்டை விடாமல் தொடரும்படி எந்தெந்தக் கார்டுகளை எத்தனை பார் (தாளச் சுற்று) வாசிக்கிறீர்கள்?