உத்தரவுக்காக ஒத்திவைப்பு: எங்கள் அனுபவங்கள்

வாதம் முடிந்த பிறகு ஜட்ஜ் எதை வைத்து உத்தரவு போடுகிறார் என்று அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். என் கேஸைச் சொல்கிறேன். இதில் தப்பு என் பேரில்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏற்காட்டில் எனக்கு 2 ஏக்கர் காபித் தோட்டம். மேல்தோட்டத்துக்காரர் என் நிலத்து வழியாகத்தான் ஜீப்பில் போய்வருவார். ஏதோ சில்லறைச் சண்டை. பழம் பறிக்கிற நேரம் பார்த்து, தடத்தில் கால் நட்டுக் கம்பி கட்டிவிட்டேன். பத்தே நாளில் அவர் பாதை உரிமை கேட்டு வழக்கும், அடைப்பை எடுக்க இடைக்கால உத்தரவு கேட்டு மனுவும் போட்டுவிட்டார்.

பட்டா என் பேரில். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் பாதை என்று ஒரு வார்த்தை கிடையாது. அதுவே போதும் என்று நினைத்தேன். என் வக்கீல் சிரித்தார். ‘பாதை உரிமை என்பதே அடுத்தவர் நிலத்தின் மேல் இருப்பதுதானே, உங்கள் பட்டாவை யார் மறுத்தார்கள்?’ என்றார். 20 வருடம் தடையில்லாமல், உரிமையாக நடந்து வந்திருந்தால் அது பாதை உரிமை ஆகிவிடுமாம். 1882ஆம் வருடச் சட்டம்.

இடைக்கால உத்தரவுக்கு மூன்று விஷயம் பார்ப்பார்கள். கேஸில் முகாந்திரம் இருக்கிறதா, உத்தரவு போட்டால் யாருக்குச் சிரமம், போடாவிட்டால் யாருக்கு, அப்புறம் பின்னால் பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாத நஷ்டமா என்பது. ‘அடைக்காதே’ என்பதைவிட ‘அடைத்ததை எடு’ என்று சொல்ல இன்னும் வலுவான முகாந்திரம் வேண்டும். எங்கள் பக்கம் அதைத்தான் பிடித்துக்கொண்டு வாதாடினோம்.

எங்களைக் கவிழ்த்தது கமிஷனர் அறிக்கை. கோர்ட் அனுப்பிய அந்த இளம் வக்கீல் மலையேறி வந்து இரண்டு வரி எழுதியிருந்தார்: தடத்தின் இருபுறமும் பருத்த சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நிற்கின்றன, கம்பிக் கால்களின் சிமெண்ட் புதியது. தடம் பழையது, அடைப்பு புதியது என்று நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது!

வாதம் முடிந்து ‘உத்தரவுக்காக’ என்று தள்ளிவைத்தார்கள். அந்த வாய்தாவுக்கு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் அஸ்தம்பட்டி கோர்ட்டுக்குப் போனேன். யார் சத்தமாகப் பேசினார்கள் என்பதற்கெல்லாம் உத்தரவில் இடமே இல்லை. சண்டை வருவதற்கு முன் கடைசியாக இருந்த நிலை எதுவோ அதுவே வழக்கு முடியும்வரை தொடர வேண்டும், பறித்த பழம் மேலேயே கிடந்தால் கெட்டுவிடும், கம்பியை எடு. ஆனால் தடத்தை அகலப்படுத்தவோ தார் போடவோ அவருக்கும் அனுமதி இல்லை. அப்பீலுக்கு 30 நாள் இருந்தது. நான் போகவில்லை.

ஓமலூர்க்காரர் ஒருவர்:
எங்களது பாகப்பிரிவினை. வாதம் முடிந்து தீர்ப்புக்குப் போட்ட பிறகு, அம்மாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய கிஸ்து (நிலவரி) ரசீது கிடைத்தது. பெஞ்சு கிளார்க்கிடம் கொடுத்துவிடலாம் என்று ஓடினேன். வக்கீல் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். வழக்கைத் திரும்பத் திறக்க மனுப் போட்டோம். இத்தனை வருடம் அது எங்கே இருந்தது என்று கேட்டுத் தள்ளுபடி செய்தார் ஜட்ஜ். ரெக்கார்டில் இல்லாத காகிதம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் தீர்ப்புக்குள் வராது.

ஆத்தூரிலிருந்து:
வாதம் முடிந்து 30 நாளுக்குள், மிஞ்சினால் 60 நாளுக்குள் தீர்ப்பு சொல்ல முயல வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. எங்கள் விஷயத்தில் அதற்குள் ஜட்ஜுக்கு மாற்றல் வந்துவிட்டது. அவர் தீர்ப்பை எழுதி வைத்திருந்தால் புது ஜட்ஜ் அதைப் படித்துச் சொல்லியிருக்கலாம். எழுதவில்லை. வாதம் முதலிலிருந்து! ஆமாம், காபித் தோட்டக்காரரே, உங்கள் மெயின் கேஸ் முடிந்ததா?

அதற்குப் பதில்:
எங்கே முடிந்தது, இப்போதுதான் சாட்சி விசாரணை. பாதை எத்தனை வருடப் பழக்கம் என்பதை இனிமேல்தான் அவர் நிரூபிக்க வேண்டும். கம்பி சுருட்டியபடி காபிக் களத்து ஓரத்தில் கிடக்கிறது. ஜீப் போகும்போது அவர் ஹாரன் மட்டும் அடிப்பதில்லை.