சைவ சில்லி தண்ணீராகிப் போகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். டெக்சாஸில் டாலஸ் பக்கம் இருக்கிறோம். கொல்லையில் இந்த வருடம் தக்காளி, குடைமிளகாய், சுக்கினி எல்லாம் நன்றாகக் காய்த்திருக்கின்றன. அவற்றைப் போட்டு ராஜ்மா சில்லி (மிளகாய், சீரகப் பொடி போட்டுக் கெட்டியாக வைக்கும் குழம்பு, இங்கே வழக்கமாக இறைச்சியில் செய்வார்கள்) செய்ய ஆசை. (1977-இல் சில்லியை மாநில உணவாகவே அறிவித்த ஊர் இது. ராஜ்மா மாதிரி பீன்ஸ் போட்டால் பலர் அதைச் சில்லி என்றே ஒத்துக்கொள்வதில்லை!)

போன ஞாயிறு ஊறவைத்த ராஜ்மாவைத் தக்காளியோடு சேர்த்தே அடுப்பில் ஏற்றிவிட்டேன். இரண்டு மணி நேரம் கொதித்தும் நடுவில் நறுக்கென்று கடிபட்டது. புளிப்பில் பருப்பு சீக்கிரம் வேகாது என்பது அப்புறம்தான் உறைத்தது. சரி, இனி குக்கரில் தனியாக வேகவைத்துக்கொள்வேன்.

தீராத தொல்லை தண்ணீர்தான். சுக்கினியும் தக்காளியும் விட்ட நீரில் சில்லி ரசம் மாதிரி ஓடியது. சீரகப் பொடியெல்லாம் அடியில் தங்க, கரண்டியில் வந்தது வெறும் சிவப்புத் தண்ணீர்.

தக்காளியை முதலில் சுட்டுச் சுண்டவைக்கலாமா? சுக்கினியில் உப்புப் பிசிறிப் பிழிந்தால் குழைந்துவிடுமா? எவ்வளவு ராஜ்மாவை மசித்தால் கெட்டிப்படும்? சோள மாவு கரைத்து ஊற்ற மனமில்லை, காய்ச் சுவை அமுங்கிவிடும்.

சனிக்கிழமை அம்மா ஊரிலிருந்து வருகிறார், அசைவம் தொடமாட்டார். நம் தோட்டத்துக் காயில் செய்து கொடுக்க வேண்டும். செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.