ஸ்டிக்கி போன் (உறைந்த ரத்தப் புரதத்தால் ஒட்டவைக்கும் எலும்புத் துகள்) கட்டியாகாமல் உதிர்கிறது, எங்கே தவறு?

தாடை_பிஜி
கீழ்த்தாடை முதல் கடைவாய்ப்பல் எடுத்த சாக்கெட். கன்னப்பக்கச் சுவர் 6 மி.மீ. உயரத்துக்குக் கரைந்துவிட்டது. பிறகு இம்ப்ளாண்ட் (செயற்கைப் பல் வேர்) வைக்க வேண்டும். மாட்டெலும்புத் துகள் 0.5 கிராம், சலைனில் ஊறவைத்தது. ஒரே குத்தில் 6 ட்யூப் ரத்தம்: பி.ஆர்.எஃப் மெம்பரேனுக்கான (ரத்தத்தைச் சுழற்றி எடுக்கும் ஃபைப்ரின் சவ்வு) கண்ணாடி ட்யூப் நான்கும் 2700 ஆர்பிஎம், 12 நிமிடம். அது முடிந்ததும் ஐ-பி.ஆர்.எஃப்புக்கான (அதன் திரவ வடிவம்) பிளாஸ்டிக் ட்யூப் இரண்டும் 700 ஆர்பிஎம், 3 நிமிடம். கலவை ஸ்பூனிலேயே உதிர்கிறது. மேலே பி.ஆர்.எஃப் மெம்பரேன் மட்டும் போட்டு மூடினால் போதுமா?

சுழல்வேகம்
தவறு வரிசையில் இருக்கிறது டாக்டர். உறைவு தடுப்பு மருந்து இல்லாத ரத்தம் ட்யூபில் விழுந்த நொடியிலிருந்தே உறையத் தொடங்கும். பிளாஸ்டிக் அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. 12 நிமிடம் காத்திருந்த ட்யூபைச் சுற்றினால் மேலே மஞ்சள் திரவம் பிரியாது. கண்ணாடி ட்யூப்களை முதலில் எடுத்துச் சுற்றுங்கள். மெம்பரேன் தயாராகி, துகளும் கிண்ணத்தில் விழுந்த பிறகு பிளாஸ்டிக் ட்யூபுக்கு ரத்தம் எடுங்கள். எந்த ட்யூபானாலும் ஒரு நிமிடத்துக்குள் சுழல ஆரம்பிக்க வேண்டும். எதிரெதிர் ட்யூப்களில் ஒரே அளவு ரத்தம் இருக்கட்டும்.

இரண்டாவது, சலைன். துகளின் நுண்துளைகளைச் சலைன் நிரப்பிவிட்டால் ஃபைப்ரினுக்கு (ரத்தத்தை உறையவைக்கும் புரத இழை) உள்ளே இடமில்லை, இருப்பதும் நீர்த்துப்போகும். உலர்ந்த துகளை மெம்பரேன் அழுத்தும்போது வடியும் நீரில் நனையுங்கள். 2 மெம்பரேனை 1 மி.மீ. துண்டுகளாக நறுக்கிச் சேர்த்து, ஐ-பி.ஆர்.எஃப் சுமார் 1 மி.லி. விட்டு, 5 முதல் 10 நிமிடம் தொடாமல் வையுங்கள். அதைக் கிளறுவதுதான் பலரும் செய்யும் தவறு. உருவாகும் ஃபைப்ரின் வலை அப்போதே அறுந்துவிடும்.

ஆர்பிஎம்மை மட்டும் எழுதி வைப்பதால் பயனில்லை. 2700 ஆர்பிஎம் 8 செ.மீ. ஆரத்தில் சுமார் 650 ஜி (புவியீர்ப்பைப் போல 650 மடங்கு), 11 செ.மீ. ஆரத்தில் 900 ஜியை நெருங்கும். உங்கள் மெஷினின் ஆரத்தை அளந்துகொள்ளுங்கள்.

தாடை_பிஜி
நன்றி சார். நீல மூடி சிட்ரேட் ட்யூபில் எடுத்து வைத்துக்கொண்டால் நேரம் கிடைக்குமா?

சுழல்வேகம்
கூடாது. சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கால்சியம் குளோரைடு சேர்த்தால்தான் உறையும். அது பி.ஆர்.பி. (பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா), வேறு பொருள்.

பெரியோ_மதுரை
மெம்பரேன் கேள்விக்கு: போதாது. பி.ஆர்.எஃப் இரண்டு வாரத்துக்குள் கரைந்துவிடும். சுவரே இல்லாத பக்கத்தில் எலும்பு வளரும் முன் ஈறு திசு உள்ளே இறங்கிவிடும். கொலாஜன் மெம்பரேனை நல்ல எலும்பின் மேல் 2 முதல் 3 மி.மீ. ஏறும்படி வைத்து, அதற்கு மேல் பி.ஆர்.எஃப் போடுங்கள். பி.ஆர்.எஃப்பின் நிச்சயமான பலன் மென்திசு ஆறுவதில்தான். எலும்பளவைக் கூட்டும் என்பதற்கான சான்று சீராக இல்லை, அதை நோயாளியிடமும் அப்படியே சொல்லுங்கள்.

க்ளாட்டை (கண்ணாடி ட்யூபில் உறைந்த கட்டியை) இடுக்கியால் தூக்கும்போது அடியில் சிவப்பு வால் தொங்கும். அதை ஒட்ட வெட்டாதீர்கள். மஞ்சளும் சிவப்பும் சேரும் கோட்டுக்குக் கீழே 1 முதல் 2 மி.மீ. சிவப்பு ஒட்டியிருக்கட்டும். பிளேட்லெட்டும் வெள்ளணுக்களும் அந்த எல்லையில்தான் குவிந்திருக்கும். காஸ் துணியில் பிழிய வேண்டாம், மெம்பரேன் அழுத்தும் பெட்டியின் தட்டு எடையே போதும்.

வைக்கும் முன் சாக்கெட்டில் கிரானுலேஷன் திசு (அழற்சியில் வளர்ந்த மென்திசு) துளியும் மிஞ்சக் கூடாது. சுவர் வெளிறியிருந்தால் சலைன் விட்டுக்கொண்டே சிறிய ரவுண்ட் பரால் (உருண்டைத் துளைமுனை) சில துளைகள் போட்டு ரத்தம் கசிய விடுங்கள். கிராஃப்ட்டை இறுக்கித் திணித்தால் ரத்தக்குழாய் நுழைய வழியிருக்காது. ஃபிளாப் (விலக்கிய ஈறு மடல்) இழுபட்டால் தையல் பிரியும். உள்பக்கப் பெரியாஸ்டியத்தை (எலும்பை மூடும் சவ்வு) மட்டும் கீறித் தளர்த்துங்கள். நேர்க்கீறலை மெண்டல் நரம்புத் துளைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். இம்ப்ளாண்ட்டுக்கு 4 முதல் 6 மாதம் கழித்து சிபிசிடி (முப்பரிமாண எக்ஸ்ரே) பார்த்து முடிவெடுங்கள்.

வாய்_அறுவை
இரண்டு விஷயம். ஒன்று, துகள் மாட்டெலும்பு, கொலாஜன் பெரும்பாலும் பன்றியிலிருந்து வருவது. வாய்திறந்து சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். மறுப்பவருக்கு ஹைட்ராக்ஸிஅபடைட்–பீட்டா டிசிபி செயற்கைத் துகள் இருக்கிறது. இரண்டு, வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவருக்கு க்ளாட் தளர்வாகவே வரும். எலும்புக் கரைவைத் தடுக்க ஊசி வழி ஜொலெட்ரோனிக் அமிலமோ டெனோசுமாபோ எடுத்தவர் என்றால், அந்த மருந்தைக் கொடுத்த மருத்துவரிடம் பேசாமல் இந்த வேலையையே திட்டமிடாதீர்கள்.