கோர்ஸ் முடிக்காதவருக்கு வேலை தெரியாதா?

நான் ஒரு மெஷின் ஷாப்பில் பயிற்சிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். யாருக்கு என்ன வேலை தெரியும் என்கிற ஸ்கில் மேட்ரிக்ஸை முன்பெல்லாம் சுவரில் ஒட்டியிருப்போம், சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கட்டத்தை நிரப்புவார். சாஃப்ட்வேருக்கு மாறிய பிறகு ஆன்லைன் கோர்ஸ் முடித்தாலே கட்டம் பச்சையாகிவிடுகிறது.

எங்கள் சீனியர் ஆபரேட்டர் ஒருவருக்கு அதில் பாதிக்கு மேல் சிவப்பு. கணினிக் கட்டளைப்படி ஓடும் சிஎன்சி மெஷினை இருபது வருடம் ஓட்டியவர், ஆனால் கோர்ஸில் உட்கார மாட்டார். அவரைச் சாதாரண வேலைக்கு மாற்றலாம் என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

அந்த வாரமே வந்து, "சார், மூணாம் மெஷின் ஸ்பிண்டில் சத்தம் சரியில்ல, பேரிங் போகப் போகுது" என்றார். மெஷினில் சுழலும் முக்கியத் தண்டுதான் ஸ்பிண்டில், அதைத் தாங்குவது பேரிங். டேஷ்போர்டில் அதிர்வு அளவு எல்லைக்குள்தான் இருக்கிறதே என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஸ்பிண்டில் உறையில் வைத்து, பிடியை என் காதில் அழுத்தினார். மணலை அரைப்பது போல மெல்லிய கரகரப்பு.

கழற்றிப் பார்த்தால் பேரிங் ஓடுபாதையில் குழி விழுந்திருந்தது. சென்சாரை மோட்டார் பக்கம் ஒட்டியிருந்தார்கள், போதாக்குறைக்கு அது காட்டியது மொத்த அதிர்வை. பேரிங் பழுது ஆரம்பத்தில் உயர் அதிர்வெண்ணில் சின்னதாகத்தான் தெரியும், மொத்தக் கணக்கில் அமுங்கிப்போகும்.

எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அப்புறம் டேட்டா பார்க்கும் பையனையும் அவரையும் வாரம் இரண்டு மணி நேரம் ஒரே மெஷினில் நிற்க வைத்தோம். சென்சாரை எங்கே ஒட்டுவது என்று இவர் காட்டுவார், கிராஃபை அவன் படித்துக் காட்டுவான். கோர்ஸ் பக்கமே வராதவர் இப்போது "இந்த முள்ளு எதனால வருது தம்பி?" என்று விடாமல் கேட்கிறார்.

2030க்குள் ஊழியர்களின் முக்கியத் திறன்களில் 39 விழுக்காடு மாறும் என்று நிறுவனங்கள் எதிர்பார்ப்பதாக உலகப் பொருளாதார மன்றத்தின் 2025 அறிக்கை சொல்கிறது, எங்கள் கூட்டங்களில் அதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். மாறட்டும். மீதி 61ஐ யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் என் கவலை.

பதில்:

எங்கள் இடத்தில் வேறு கதை. மெஷின்களைக் கட்டுப்படுத்தும் கணினியான பிஎல்சியில் பயிற்சி முடித்த மூன்று பேர் ஒரே வருடத்தில் விலகிப் போனார்கள், நிர்வாகம் பயிற்சியையே நிறுத்திவிட்டது. போனவர்களில் ஒருவரிடம் கேட்டேன். ஆறு மாதம் படித்துவிட்டு வந்தும் பழைய பெட்டி அடுக்கும் வேலைதான், லேப்டாப்பைத் தொடவே விடவில்லை, படித்தது மறந்துவிடும் என்று பயந்துதான் போனேன் என்றார். சம்பளம் பற்றிப் பேசவே இல்லை. சரி, உங்கள் சீனியர் ஓய்வு பெறுவதற்குள் அந்தச் சத்தங்களை ரெக்கார்டு பண்ணி வைக்கிறீர்களா?