சிப் பட்டை யார் காலில்?

குழு: அம்மாச்சி வீடு

வியாழன், இரவு

கவிதா: சின்னத்தை, உங்கள் பிள்ளை இடது கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டே வீட்டுக்குள் நடமாடுகிறார். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். நீங்களே கேளுங்கள்.

கார்த்தி: அதற்குள் குழுவில் போட்டாயிற்றா. சரி. சமணர் மலைக்குப் பின்பக்கம் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தேன், முன்சக்கரம் கல்லில் வழுக்கிவிட்டது. கையை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரே எடுத்தாயிற்று, முறிவு இல்லை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் போட்டியில் ஓட்டலாம்.

வாசுகி: ஓட்டலாம் என்று யார் சொன்னது?

கார்த்தி: எக்ஸ்ரே, சித்தி.

வாசுகி: எக்ஸ்ரே சொல்லாததும் உண்டு. இடது கட்டைவிரலை நன்றாக மேலே தூக்கு. அடியில் இரண்டு நரம்புக்கு நடுவே ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் மற்றக் கை விரலை வைத்து அழுத்து. வலிக்கிறதா?

கார்த்தி: கொஞ்சம்.

கவிதா: கொஞ்சமா? அடுப்படி வரைக்கும் கேட்டது.

முருகேசன்: மாப்பிள்ளை, யோசிக்காதே. நேரே போய் புத்தூர் கட்டு போட்டுக்கொள். முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, முடிந்தது வேலை. என் கால் அப்படித்தான் கூடியது.

வாசுகி: அண்ணே, உங்களுக்கு முறிந்தது முழங்காலுக்குக் கீழே, பெரிய எலும்பு. இது மணிக்கட்டுக்குள் முந்திரிப்பருப்பு அளவில் இருக்கும் ஸ்கேபாய்டு. இதற்கு ரத்தம் விரல் பக்கத்து முனையில் நுழைந்துதான் திரும்பி முழங்கைப் பக்கம் வரும். நடுவில் விரிசல் விட்டால் அந்தப் பக்கத்துத் துண்டு பட்டினி கிடக்கும். ஒட்டாது, சில சமயம் செத்தே போகும். கையை ஊன்றி விழுந்து இந்தப் பள்ளத்தில் வலித்தால், எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் முறிவு என்றே வைத்துக் கட்டுப் போடுவார்கள். 10, 14 நாள் கழித்து மறுபடி படம். எலும்பு வார்டில் நான் பார்த்தவர்களில் பாதிப் பேர் "சுளுக்குதான் சிஸ்டர்" என்று சொல்லி வருடக் கணக்கில் விட்டுவிட்டு, மணிக்கட்டே தேய்ந்து வந்தவர்கள்.

கார்த்தி: 14 நாளா? ஞாயிறு காலை 6 மணிக்குப் போட்டி.

வாசுகி: அதனால்தான் எம்ஆர்ஐ, விரிசல் இருந்தால் அதில் இப்போதே தெரிந்துவிடும். நாளைக் காலை போ.

சுந்தரம்: ஒருவன் வராவிட்டால் மற்ற மூன்று பேரும் ஓட்டிவிட்டுப் போவதுதானே? இதில் என்ன சிக்கல்?

சரண்யா: பெரியப்பா, இது நான்கு பேர் அணிக்கான பிரிவு. நத்தத்துக்கு அங்கிட்டு, சிறுமலை அடிவாரத்தில் ஒரு மாந்தோப்பைச் சுற்றி 8 கிலோமீட்டர் பாதை. மாலை 6 மணி வரை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். கணுக்காலில் நேரம் கணக்கிடுகிற சிப் பட்டை கட்டுவார்கள், சுற்று முடித்து வருகிறவர் அதைக் கழற்றி அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். நான்கு பேரும் ஆளுக்கு ஒரு சுற்றாவது ஓட்டினால்தான் அணி கணக்கில் வரும்.

சுந்தரம்: நான் யூடியூபில் பார்த்தது வேறு மாதிரி இருந்தது. தென்னாப்பிரிக்காவில், இரண்டு இரண்டு பேராக.

சரண்யா: அது கேப் எபிக். 2004ல் ஆரம்பித்தது. 8 நாள், 600, 700 கிலோமீட்டர், எல்லாம் மலை. அதில் இரண்டு பேரும் சேர்ந்தே ஓட்ட வேண்டும், இரண்டு நிமிடத்துக்கு மேல் பிரிந்துவிட்டால் தண்டனை நேரம். நம்முடையது தொடர் ஓட்டம் மாதிரி. 1992ல் அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவில் 24 மணி நேரத்துக்கு இப்படி அணியாக ஓட்டினார்கள், அங்கிருந்துதான் பரவியது. நாங்கள் பாதி நேரம்தான்.

முருகேசன்: நல்லவேளை.

கார்த்தி: எங்கள் அணியில் ஓட்டுகிற தினேஷையும் சேர்க்கிறேன். அவன் முட்டியைப் பற்றியும் கேட்டுவிடலாம்.

(கார்த்தி, தினேஷைச் சேர்த்தார்)

தினேஷ்: எல்லாருக்கும் வணக்கம். என்னை எதற்கு மச்சான் மாட்டிவிடுகிறீர்கள்?

வாசுகி: முட்டியில் எங்கே வலி தம்பி? முன்பக்கமா, வெளிப்பக்கமா?

தினேஷ்: முன்னால்தான் அத்தை, சிப்பிக்குக் கீழே. ஏற்றத்தில் மட்டும்.

வாசுகி: சீட் தாழ்வாக இருக்கும். மிதி கீழே போகும்போது முட்டி கொஞ்சம்தான் மடங்கியிருக்க வேண்டும். சீட்டை ஏற்று, ஏற்றத்தில் லேசான கியரில் வேகமாக மிதி. வீங்கியிருந்தால் வராதே.

தினேஷ்: வீக்கம் இல்லை.

சுந்தரம்: ஓட்டுவதற்கு முன் வலி மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டால் இரண்டு பேருக்கும் தீர்ந்தது.

வாசுகி: அத்தான், தயவுசெய்து வேண்டாம். வெயிலில் வியர்த்து உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும்போது டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் எல்லாம் கிட்னியைப் பிடிக்கும். அப்புறம் வலி தெரியாவிட்டால் எங்கே நிறுத்துவது என்றும் தெரியாது.

முருகேசன்: வாசுகி, நீ ரொம்பப் பயமுறுத்துகிறாய். பாலமேட்டில் வாடிவாசலுக்கு முன்னால் நிற்கிறவன் எம்ஆர்ஐ எடுத்துவிட்டா நிற்கிறான்?

வாசுகி: எம்ஆர்ஐ இல்லை அண்ணே. ஆனால் டாக்டர் பரிசோதித்து, தகுதி என்று சொன்ன பிறகுதான் மாடுபிடி வீரரை உள்ளே விடுகிறார்கள். போன பொங்கலுக்கு நீங்கள்தானே வரிசை நகரவில்லை என்று அங்கிருந்து போன் போட்டீர்கள்.

முருகேசன்: சரி சரி.

கார்த்தி: சித்தி, அணியில் சரண்யாவும் இருக்கிறாள். மழை பெய்த நாளில்கூட விடாமல் ஓட்டியிருக்கிறாள். நான் விலகினால் அவளுக்கும் போச்சு. அதையும் பாருங்கள்.

வாசுகி: அவள் என் மகள் என்று எனக்குத் தெரியும். நாளைக் காலை எம்ஆர்ஐ.

வெள்ளி, மாலை

கவிதா: வந்துவிட்டோம். முறிவு இல்லை. எலும்புக்குள் அடி, கூடவே ஜவ்வில் லேசான இழுப்பு என்றார் டாக்டர். மூன்று வாரம் ஓய்வு கொடுத்தால் நல்லதாம். இவர் விடாமல் கேட்டதும், மணிக்கட்டில் பட்டை போட்டு மெதுவாக ஓட்டலாம், மறுபடி அதே கையில் விழுந்தால் என்னிடம் வராதே என்றார்.

கார்த்தி: கடைசி வரியை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

வாசுகி: அப்பாடா. இப்போது கேள். ஒரே ஒரு சுற்று. வெயில் வந்த பிறகு, பாதை ஈரம் காய்ந்ததும். கல் இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போ. யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

கார்த்தி: சொல்வார்கள் சித்தி. ஆனாலும் சரி.

முருகேசன்: மாப்பிள்ளை, சைக்கிளை நாளைக்குப் பட்டறைக்குக் கொண்டு வா. டயரில் காற்று எவ்வளவு வைத்திருக்கிறாய்?

கார்த்தி: 30 மாமா. முள் பயம். நாகமலைப் பக்கம் முழுக்கச் சீமைக்கருவேலம்.

முருகேசன்: ட்யூப் இல்லாத டயர்தானே, உள்ளே பால் மாதிரி ஒன்று ஊற்றியிருக்கிறாயே, முள் குத்தினால் அதுவே அடைத்துக்கொள்ளும். உன் எடைக்கு முன் டயரில் 23, 24 போதும். கல் அதிர்வில் பாதியை டயரே வாங்கிக்கொள்ளும், கைக்கு வராது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கலாம். பிரேக் பிடியைச் சாய்த்து வைக்கிறேன், மணிக்கட்டு மடங்காமல் நேராக நிற்கும். முன்பிரேக் வலது கையில்தானே?

கார்த்தி: ஆமாம்.

முருகேசன்: பிழைத்தாய். நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்குடையது. இடது கையில் ஒரு விரல் மட்டும் வைத்தால் போதும்.

வாசுகி: அண்ணே, இதை நேற்றே சொல்லியிருக்கலாமே. புத்தூர் வரை போய் வந்திருக்கிறோம்.

முருகேசன்: கேட்டால்தானே சொல்வேன்.

சனி, இரவு

முருகேசன்: அம்மா எழுதச் சொல்கிறது: "நோவோடு சைக்கிளில் மலையைச் சுற்றுகிறானே, அப்படி என்ன வேண்டுதல்?" பதில் சொல்லுங்கள், எனக்குத் தெரியவில்லை.

சரண்யா: வேண்டுதல் இல்லை அம்மாச்சி. பணம் கட்டிவிட்டோம், திரும்ப வராது.

முருகேசன்: அது புரிந்துவிட்டது. கம்பங்கூழ் கரைத்துக் கொடுக்கிறதாம். சின்ன வெங்காயம் தனியாக.

வாசுகி: கூழ் நல்லது. அதோடு ஓஆர்எஸ் பாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு பாக்கெட்டுக்கு முழு ஒரு லிட்டர் தண்ணீர். அரை பாட்டிலில் கொட்டிக் குடிக்காதே தினேஷ், நீதான் அப்படிச் செய்வாய் என்று கவிதா சொன்னாள்.

தினேஷ்: அக்கா, நன்றி.

ஞாயிறு

காலை 6:20, சரண்யா: செந்தில் முதலில் கிளம்பிவிட்டார், மேலூர்க்காரர், கிரானைட் குவாரிப் பாதையில் ஓட்டிப் பழகியவர். தோப்புக்குள் இன்னும் இருட்டு, தலை விளக்கோடு போகிறார்கள். இங்கே ஒரே இடத்தில்தான் டவர் கிடைக்கிறது, ஒரு கோவில் திண்ணை.

9:48, தினேஷ்: மச்சான் கிளம்பிவிட்டார். காலில் சிப் பட்டை கட்டியாயிற்று. முட்டி எனக்குத் தேவலை.

10:15, கவிதா: வந்துவிட்டாரா?

10:21, கவிதா: தினேஷ்?

10:40, சரண்யா: அண்ணி, ஒரு சுற்றுக்கு எங்களுக்கே 40 நிமிடம் ஆகிறது. பொறுங்கள்.

10:49, சரண்யா: வந்துவிட்டான். விழவில்லை. கல் இறக்கம் முழுக்கத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். பின்னால் வந்த ஒருவர் வழிவிடச் சொல்லிக் கத்தினாராம்.

10:55, கார்த்தி: ஏற்றத்தில் கை ஒன்றுமே தெரியவில்லை. சமதளத்தில்கூடப் பரவாயில்லை. இறக்கத்தில் உடம்பு முழுக்கக் கைமேல் விழுகிறது, அங்கேதான் உயிர் போய் வந்தது. மாமா, அந்த 24 இல்லாவிட்டால் பாதியில் உட்கார்ந்திருப்பேன்.

10:56, முருகேசன்: நான் சொன்னது 23.

10:58, வாசுகி: விரல் மரத்துப்போகிறதா? வீக்கம்?

11:02, கார்த்தி: மரக்கவில்லை. லேசாக வீக்கம். ஐஸ் வைத்திருக்கிறேன்.

11:03, வாசுகி: துணி சுற்றி வை. கை நெஞ்சுக்கு மேலே இருக்கட்டும். உன் வேலை முடிந்தது.

1:30, தினேஷ்: முட்டி மறுபடி ஆரம்பித்துவிட்டது. இரண்டாவது சுற்றில் கடைசி ஏற்றத்தை நடந்துதான் ஏறினேன். சரண்யா என்னை உட்காரச் சொல்லிவிட்டாள். இப்போது செந்திலும் அவளும் மட்டும் மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள்.

1:34, வாசுகி: அவள் சாப்பிட்டாளா?

1:36, தினேஷ்: சிறுமலைப் பழம் இரண்டு. கூழ் வேண்டாம் என்றுவிட்டாள், வயிறு கனக்கிறதாம்.

1:37, வாசுகி: பாட்டிலில் ஓஆர்எஸ் இருக்கிறதா பார்.

4:15, கார்த்தி: சித்தி, ஒன்று கேட்கிறேன். கோபப்படக் கூடாது. செந்திலுக்குக் காலில் பிடிப்பு, இப்போது ஓட்டுகிற சுற்றோடு போதும் என்கிறார். சரண்யா முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். 6 மணிக்குள் கோட்டைத் தாண்டுகிற சுற்றுதான் கணக்கு. 5 மணிக்கு முன் ஒருவர் கிளம்பினால் இன்னொரு சுற்று சேரும். நான் காலையிலிருந்து சும்மா இருக்கிறேன். வீக்கமும் இறங்கிவிட்டது.

4:16, கவிதா: இல்லை.

4:17, சுந்தரம்: அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மற்ற மூன்று பேரும் உருகுகிறார்கள், இவன் மட்டும் எப்படி உட்கார்ந்திருப்பான்?

4:18, முருகேசன்: நானும் அதைத்தான் நினைத்தேன் மச்சான். ஒரு சுற்றுதானே.

4:20, வாசுகி: காலையில் பதற்றமில்லாமல், நேரம் பார்க்காமல் ஓட்டினான், அப்போதே ஒரு மணி நேரம் ஆனது. இப்போது 6 மணி என்று ஒரு கோடு முன்னால் இருக்கிறது. கல் இறக்கத்தில் இறங்கித் தள்ளுவானா? தள்ளமாட்டான். நேரத்துக்குள் வர வேண்டுமென்றால் அதில் ஓட்டித்தான் ஆக வேண்டும். அத்தான், உங்களுக்குத் தெரியாதா அவனை?

4:21, சுந்தரம்: தெரியும்.

4:40, கார்த்தி: செந்தில் வந்துகொண்டிருக்கிறார். சரண்யா, பட்டையை நான் வாங்கிக்கொள்கிறேன்.

4:52, சரண்யா: வாங்கியாயிற்று. என் காலில். கோட்டுக்கு முன்னாலேயே போய் நின்று செந்திலிடமிருந்து வாங்கிவிட்டேன். கிளம்புகிறேன். அண்ணா, கோபம் இருந்தால் 6 மணிக்கு மேல் வைத்துக்கொள். உனக்காகத் தோப்புக்குள் ஆம்புலன்ஸைக் கூட்டிவர என்னால் ஆகாது.

4:53, கார்த்தி: இது அநியாயம்.

4:53, தினேஷ்: மச்சான், போனைத் தாருங்கள். ஐஸ் வையுங்கள்.

5:46, தினேஷ்: வந்துவிட்டாள்!! 14 நிமிடம் மீதி. கோட்டைத் தாண்டியதும் சைக்கிளைப் போட்டுவிட்டு அப்படியே படுத்துவிட்டாள். நன்றாக இருக்கிறாள் அத்தை, திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.

5:48, வாசுகி: உடனே படுக்கவிடாதே. இரண்டு நிமிடம் நடக்கச் சொல். அப்புறம் தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக.

6:25, சரண்யா: ஏழாவது இடம். மூன்றாவது வரைக்கும்தான் பரிசு. கார்த்தி அண்ணன் பேசமாட்டேன் என்று இருக்கிறான், ஆனால் என் சைக்கிளை அவன்தான் கழுவினான், ஒற்றைக் கையால்.

6:27, முருகேசன்: அம்மா கேட்கிறது, ஏழாவதுக்கு என்ன கொடுப்பார்கள் என்று.

6:28, சரண்யா: ஒரு டி-சர்ட் அம்மாச்சி. அளவு பெரிது. மாமாவுக்குச் சரியாக இருக்கும்.

6:30, வாசுகி: திரும்பும்போது கார் யார் ஓட்டுவது? கார்த்தி கியர் மாற்றலாகாது, தினேஷ் கிளட்ச் மிதிக்கலாகாது, சரண்யாவுக்குக் கண் சொருகும்.

6:32, முருகேசன்: அதெல்லாம் யோசித்தாயிற்று. லோடு ஆட்டோவில் பட்டறைப் பையனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், காரை அவன் ஓட்டுவான், சைக்கிள் நான்கும் ஆட்டோவில். நத்தம் சாலை மேம்பாலம் ஏறிவிட்டேன். அந்தக் கோவில் இருக்கும் இடத்தை லொகேஷன் போடுங்கள், அப்புறம் யாரும் டவரை விட்டு நகராதீர்கள்.