பார்ட்னர் சுற்று: மாங்கூழ் ஆலைக் கணக்கு எங்கே இடிக்குது?

கிருஷ்ணகிரி:
கன்சல்டிங் கம்பெனி இன்டர்வியூ, டைரக்டர் பதவி, பார்ட்னரோட, அதாவது கம்பெனிப் பங்குதாரரோட, கடைசிச் சுற்று. ஊரைக் கேட்டதும் கேஸும் (தீர்க்கச் சொல்லிக் குடுக்கிற வியாபாரப் பிரச்சினை) அதுலயே வந்துடுச்சு: "உங்க ஊர் மாங்கூழ் ஆலைல லாபம் இறங்குது, ஏன்?" வருமானம், செலவுன்னு கிளை பிரிக்க ஆரம்பிச்சதும் பேனாவை மூடி வெச்சுட்டார். அந்தப் பேனா இன்னும் உறுத்துது. இவ்வளவு பெரிய பதவிக்கு ஊகத்தை முதல்ல சொல்லணும், கிளை அப்புறம். ஊகம்: சீசன் சுருங்கிடுச்சு. மணிக்கு 5 டன் பெங்களூரா மாம்பழம், நாளுக்கு 20 மணி, 60 நாள்னு வெச்சா 6,000 டன். பாதி கூழானா 3,000 டன். நிலைச் செலவு 3 கோடின்னா கிலோவுக்கு 10 ரூபாய். வரத்து 45 நாள்ல நின்னா அதே 3 கோடி 2,250 டன் மேல ஏறி 13 ரூபாய் 33 பைசா.

ஓசூர்:
கணக்கு சரிங்க. ஆனா பேனா அதுக்கு மூடலை. "முதலாளி நாளைக்கு என்ன பண்ணணும்?" இதுக்குத்தான் காத்திருப்பாங்க. மீதி மாசத்துல தக்காளி ஓட்டலாம், ராயக்கோட்டை சந்தை பக்கம்தான்னு சொல்லலாம். பேஸ்ட்டுக்குத் தண்ணியை வத்த வைக்க ஆவியாக்கி வேணும். ஆலைல அது இருக்கான்னு கேட்காம சொன்னா அடுத்த கேள்வியிலயே மாட்டிக்குவீங்க.

தருமபுரி:
ரெண்டு பேரும் கேஸையே பேசறீங்க. சீனியர் பதவிக்குப் பாதி நேரம் "நம்ம கம்பெனிக்கு ப்ராஜெக்ட் எப்படிப் பிடிப்பீங்க"ன்னுதான் போகும். ஒரு பக்கத் தாள் தயார் பண்ணுங்க: எந்தெந்தக் கம்பெனி, அங்க முடிவெடுக்கிற யாரைத் தெரியும், எந்தப் பிரச்சினைக்குக் காசு தருவாங்க, எத்தனை பேர் எத்தனை வாரம். "எனக்கு நிறையப் பேரைத் தெரியும்"னா எடுபடாது. பழைய கம்பெனியோட ரகசியத்தைத் தாள்ல எழுதாதீங்க, அதுவே நம்பிக்கையைக் கெடுத்துடும். அனுபவக் கதை ஆறு போதும், ஒவ்வொண்ணும் ரெண்டு நிமிஷம்; ஒண்ணு தோத்த ப்ராஜெக்ட்டா இருக்கணும், அதுல உங்க முடிவு எது தப்புன்னு நேரா சொல்லணும். கோடியை மில்லியனா மாத்தறதை வாய்விட்டுப் பழகுங்க: 3 கோடி 30 மில்லியன். பதட்டத்துல அந்த ஒரு சைபர்தான் நழுவும். பெங்களூர்ல காலை நேர இன்டர்வியூன்னா முந்தின நாளே போயிடுங்க. சில்க் போர்டு நெரிசலை நம்பி இங்கிருந்து விடிகாலைல கிளம்பாதீங்க.

கிருஷ்ணகிரி:
ஓசூர் அண்ணா, பார்ட்னர் ஆவியாக்கியைக் கேட்கலைங்க. 215 கிலோ டிரம்ல 3,000 டன் எத்தனைன்னார். சுமார் 14,000.

ஓசூர்:
அங்கதான் விஷயமே இருக்கு தம்பி. பழத்துக்குக் காசு 60 நாள்ல போயிடும், டிரம் வருஷம் பூரா கொஞ்சம் கொஞ்சமா விக்கும். அதுவரைக்கும் ஏறுற வட்டியை எந்தக் கிளைல போட்டீங்க?