செத்துப்போன டொரான்ஸ் திரும்ப வந்தது எப்படி? (மெக்ரே நாவல்கள், கதை தெரிந்துவிடும், ஜாக்கிரதை)

ராத்திரி வாசகர்:
பாரீஸ் போலீஸ் அதிகாரி மெக்ரே துப்பறியும் ஜார்ஜ் சிமெனோனின் நாவல்களை வரிசையாகப் படித்தே தீருவது என்று ஆரம்பித்தேன். முதல் நாவல் ‘பியெட்டர் த லாட்வியன்’. அதில் மஜெஸ்டிக் ஹோட்டலில் கண்காணிப்புக்குப் போட்டிருந்த, மெக்ரேயின் கீழே வேலை பார்க்கும் டொரான்ஸைக் கொன்றுவிடுகிறார்கள். மெக்ரே மாதிரியே பெரிய உடம்புக்காரர், பாவம். மனசே சரியில்லை, அன்றைக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அப்புறம் நூலகத்தில் கிடைத்தது என்று நடுவில் நிறைய தாண்டி ஒரு பிந்தைய நாவலை எடுத்தால், மெக்ரேயின் ஆட்களான லூக்கா, ஜான்வியே கூட்டத்தில் அதே டொரான்ஸும் சாவகாசமாக வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்! இது வேற டொரான்ஸா, தம்பியா, இல்லை நான்தான் எதையாவது கோட்டை விட்டுவிட்டேனா?

பழைய பேப்பர் கடை:
தம்பியுமில்லை, அண்ணனுமில்லை, அதே ஆள்தான். சிமெனோன் கொன்றார், அப்புறம் தேவைப்பட்டது, எழுப்பிவிட்டார். மனுஷர் ஒரு நாவலைப் பத்துப் பன்னிரண்டு நாளில் முடித்துவிடுகிற ரகம், 1931ல் மட்டும் மெக்ரே புத்தகம் பத்துக்குக் குறையாமல் வந்தது, இதில் யார் செத்தார் யார் இருக்கிறார் என்று கணக்கு வைப்பாரா? டொரான்ஸ் போலீஸை விட்டு வெளியே வந்து தனியாகத் துப்பறியும் நிறுவனம் நடத்துவதாக ‘ஏஜென்சி ஓ’ என்று ஒரு கதைத் தொகுதியே உண்டு. செத்த பிறகு இவ்வளவு முன்னேறியவர் வேறு யாரும் இருக்க மாட்டார்.

மெக்ரேயின் வயசும் இதே லட்சணம்தான். முதல் நாவலில் 45. கடைசி நாவல் வந்த 1972ல் கணக்குப்படி 86 ஆகியிருக்க வேண்டும், ஆனால் அதில் இன்னும் வேலையில் இருக்கிறார், துறையின் தலைமைப் பதவியே தேடி வருகிறது, வேண்டாம் என்கிறார். இத்தனைக்கும் 1934லேயே அவருக்கு ஓய்வு கொடுத்து லுவார் நதிக்கரைக்கு அனுப்பியாச்சு! மனைவி பெயர்கூட ஓரிடத்தில் ஹென்ரியெட், இன்னோரிடத்தில் லூயிஸ். 75 நாவலையும் வரிசையாகப் படித்தால் தலைவலிதான் மிச்சம், கையில் கிடைப்பதைப் படியுங்கள்.

பின்பெஞ்ச்:
‘அவர் அப்படித்தான்’ என்று விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. வாசகன் ஒரு சாவுக்கு வருத்தப்பட்டு புத்தகத்தை மூடி வைக்கிறான், அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா? இயன் ரேங்கின் நாவல்களில் வரும் துப்பறியும் போலீஸ்காரர் ரீபஸைப் பாருங்கள். 1987ல் முதல் நாவல், ஊரோடும் வருடத்தோடும் சேர்ந்து அவருக்கும் வயசாகிறது, 2007ல் 60 வந்ததும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். 2012ல் திரும்பக் கொண்டுவந்தபோதுகூட போலீஸ்காரராக இல்லை, தீராத பழைய வழக்குகளைப் பார்க்கும் வெளியாளாகத்தான். அத்தனை வருட சிகரெட்டுக்கு நுரையீரல் பழிவாங்குகிறது, மாடி ஏற முடியாமல், எடின்பரோ ஆர்டன் தெருவில் அதே கட்டடத்தின் தரைத்தளத்துக்குக் குடிமாறுகிறார். பெட்டிகள் கீழே இறங்குவதைப் படித்தபோது எனக்கு என்னமோ செய்தது. மெக்ரேயிடம் இந்த மாதிரி ஒன்று கிடைக்குமா?

குடை மறந்தவர்:
கிடைக்காது, ஆனால் அதைத் தேடி நான் மெக்ரேயிடம் போவதும் இல்லை. பாரீஸ் போலீஸ் அலுவலகம் முழுக்க சென்ட்ரல் ஹீட்டிங் வந்த பிறகும் தன் அறையின் பழைய கரியடுப்பை மட்டும் எடுக்கவிடாத ஆள் அவர், அதைக் கிளறிக்கொண்டே யோசிப்பார். விசாரணை இழுத்தால் பக்கத்து உணவகமான பிரசரி தோஃபினிலிருந்து பியரும் சாண்ட்விச்சும் வரும், சந்தேகப்படுகிற ஆள் எதிரே உட்கார்ந்திருப்பான், விடிய விடியப் பேச்சு. அந்த அறைக்குள் போய் உட்காரத்தான் நான் படிக்கிறேன். பல நாவல்களில் கொலை செய்தது யார் என்றே எனக்கு ஞாபகமில்லை, சத்தியமாக.

ராத்திரி வாசகருக்கு: 1951ல் வந்த ‘மெக்ரேயின் நினைவுக்குறிப்புகள்’ படியுங்கள். மெக்ரேயே எழுதுவது போன்ற புத்தகம். ஜார்ஜ் சிம் (வேறு யார், சிமெனோனேதான்) என்று ஒரு துடுக்கான பையன் ஆபீசுக்கு வந்து எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறான், பிறகு அவன் புத்தகங்களில் எழுதியதைப் பார்த்து இவர் ‘இது இப்படி இல்லை, அது அப்படி நடக்கவில்லை’ என்று அலுத்துக்கொள்கிறார். ஆக, தன் குளறுபடி சிமெனோனுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது, திருத்துவதற்குப் பதிலாக அதை வைத்தே இன்னொரு புத்தகம் எழுதிவிட்டார்.

ராத்திரி வாசகர்:
சரி, வரிசையை விட்டுவிட்டேன், அடுத்து ‘நினைவுக்குறிப்புகள்’தான். பின்பெஞ்ச் சார், நியாயம் உங்கள் பக்கம்தான், ஆனாலும் டொரான்ஸ் பெயரைப் பார்த்ததும் முதலில் ‘அட, இருக்கிறாரே’ என்றுதான் தோன்றியது, கோபமெல்லாம் பத்து பக்கம் கழித்துத்தான் வந்தது. அந்த ‘ஏஜென்சி ஓ’ முழுத் தொகுதி ஆங்கிலத்தில் யாராவது பார்த்திருக்கிறீர்களா?